நிலாவுல ஓட சக்கரம் போதுமே, ஆறு கால் எதுக்கு?

கேள்வி இதுதான்: சந்திரயான் 3ல போன பிரக்யான் ரோவருக்கு ஆறு சக்கரம், அது ஒழுங்கா ஓடிச்சு. அப்புறம் நாசா எதுக்கு சிலந்தி மாதிரி ஆறு கால், கால் நுனில சக்கரம்னு ஒரு ராட்சசன கட்டினாங்க, வீடியோல பாத்தா டான்ஸ் ஆடுது, இது நெஜமா யூஸ் ஆகுமா இல்ல காச கரைக்கற வேலையா, இப்ப அது என்ன ஆச்சு?

நீங்க பாத்தது அத்லீட். நாசாவோட ஜேபிஎல்ல, பாசடீனால இருக்கே அந்த லேப், அங்க பிரையன் வில்காக்ஸ்னு ஒரு இன்ஜினியர் தலைமைல 2005 வாக்குல கட்டினது. மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அத ரோவர்னு நெனச்சு பாத்தா கண்டிப்பா கிறுக்குத்தனமாதான் தெரியும். ரோவர்ங்கறது கேமராவும் நாலு கருவியும் தூக்கிட்டு ஊர் சுத்தற வண்டி. பிரக்யான் மொத்தமே 26 கிலோ, சுமார் நூறு மீட்டர் போய் மண்ணுல என்ன இருக்குன்னு பாத்துச்சு, அதுக்கு காலே தேவையில்ல. அத்லீட் அந்த வகையறாவே இல்ல. லாரி, கிரேன், ஜேசிபி மூணையும் ஒண்ணா போட்டு அரைச்ச மாதிரி ஒரு ஐட்டம்.

ஜேசிபின்னு சும்மா சொல்லல. ஜேசிபி சேத்துல மாட்டிக்கிட்டத பாத்திருக்கீங்களா? எங்க ஊர்ப் பக்கம் ஏரி தூர் வாரும்போது ஒரு தடவ பாத்தேன், பின் டயர் ரெண்டும் முக்கால்வாசி உள்ள போயிடுச்சு, டிராக்டரா இருந்தா இன்னொரு டிராக்டர் வந்து சங்கிலி கட்டி இழுத்தாதான் உண்டு. இந்த டிரைவர் அலட்டிக்கவே இல்ல, முன் பக்கெட்ட தரைல ஊனினாரு, பின்னாடி இருக்கற கையயும் ஊனினாரு, வண்டி அப்படியே மேல எழும்புச்சு, டயர் நாலும் அந்தரத்துல தொங்குது, பின் கையால தள்ளி ரெண்டு அடி நகந்து எறங்கிடுச்சு. மறுபடி ஊனு, மறுபடி தள்ளு. அஞ்சு நிமிஷத்துல கரைக்கு வந்தாச்சு. அத்லீட்டோட மொத்த ஐடியாவும் இதுக்குள்ளயே இருக்கு. கால் இருக்கறது நடக்கறதுக்காக இல்ல, சக்கரம் தோத்துப்போற அன்னிக்கு கை கொடுக்கறதுக்காக. மத்த நேரத்துல அது நெஜமாவே கைதான்.

இப்ப இதோட கணக்க பாருங்க, இதுதான் எனக்கு ரொம்ப புடிச்ச எடம். சாதாரணமா ஒரு வேற்றுக்கிரக வண்டிய டிசைன் பண்றவன் சக்கரத்தோட சைஸையும் மோட்டாரோட பவரையும் எத வெச்சு முடிவு பண்ணுவான்? வழில வரப்போற மோசமான எடத்த வெச்சு. பூ மாதிரி பொலபொலன்னு மண்ணு, செங்குத்தா மேடு, அதுல மாட்டினா அவ்வளவுதான், அங்க போய் யாரும் சங்கிலி கட்டி இழுக்க மாட்டாங்க. செவ்வாய்ல ஸ்பிரிட் ரோவர் அப்படிதான் போச்சு. 2006லயே முன் சக்கரம் ஒண்ணு செத்துப்போச்சு, 2009ல மேல் ஓடு மாதிரி இருந்த தரை உடைஞ்சு கீழ இருந்த மெல்லிசு மணல்ல பொதைஞ்சுது, மாசக்கணக்கா முயற்சி பண்ணாங்க, சக்கரம் சுத்தச் சுத்த இன்னும் உள்ளதான் போச்சு, 2010 மார்ச்சோட சிக்னலும் நின்னுடுச்சு. இந்த பயத்துலதான் பெரிய சக்கரம், பெரிய மோட்டார்னு போடறாங்க, ஆனா வண்டியோட பயணத்துல பெரும்பங்கு சாதாரண தரைலதான், அந்த ஒரு நாள் ஆபத்துக்காக தெனமும் பெரிய சக்கரத்த சுமந்துகிட்டு திரியணும். வில்காக்ஸ் டீம் சொன்னது என்னன்னா, சக்கரத்த சாதாரண தரைக்கு ஏத்த மாதிரி சின்னதாவே போடு, மாட்டிக்கிட்டா சக்கரத்த பிரேக் போட்டு லாக் பண்ணு, அது இப்ப சக்கரம் இல்ல, பாதம். ஒவ்வொரு காலா தூக்கி வெச்சு வெளிய வா. அப்ப சக்கரத்துலயும் அத சுத்தற மோட்டார்லயும் எடை மிச்சமாகும். நிலாவுக்கு ஒரு கிலோ கொண்டுபோறது என்ன விலைன்னு தெரிஞ்சவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும்.

ஆனா காலோட எடைய எந்த கணக்குல எழுதறதுன்னு நீங்க கேக்கலாம், கேக்கணும். ஆறு கால், ஒவ்வொரு கால்லயும் ஆறு மூட்டு, நுனில ஒரு சக்கர மோட்டார், மொத்தம் 42 மோட்டார். மொதல் மாடல் 850 கிலோ கிட்ட இருந்துச்சு. வெறும் நடக்கறதுக்காக மட்டும் இதெல்லாம்னா நஷ்டக் கணக்குதான், சந்தேகமே வேணாம். கால் ரெண்டாவது வேலையும் பாக்கணும், அப்பதான் கட்டுபடியாகும்.

அந்த ரெண்டாவது வேலைய பக்கத்துல போய் பாப்போம். டிராக்டர் பின்னாடி பிடிஓ ஷாஃப்ட், அதாவது இன்ஜினோட சுத்தல வெளிய கொடுக்கற தண்டு, இருக்கும் இல்லையா, அதுல ரோட்டவேட்டர் மாட்டினா ஓட்டுது, பம்பு மாட்டினா தண்ணி எறைக்குது, ஒரே இன்ஜின்தான். அத்லீட்ல சக்கரத்தோட நடுவுல அதே ஐடியா. ஒரு கால தூக்கி நீட்டுது, சக்கரம் பக்கத்துல இருக்கற பிடிமானத்துல துளைக்கற கருவியோ, கவ்வற கருவியோ, மண்ணள்ற கருவியோ மாட்டிக்குது, சக்கரத்த சுத்தற மோட்டாரே இப்ப துளைக்கற மோட்டார். தனியா மோட்டார் கெடையாது. மீதி அஞ்சு கால்ல வண்டி அசையாம நிக்குது, ஆறாவது கால் கை ஆயிடுச்சு. ஆறு மூட்டு எதுக்குன்னு இப்ப புரியுதா? வெறும் நடைக்கு ஒரு காலுக்கு மூணு மூட்டே போதும், பூச்சி ரோபோ பண்ற காலேஜ் பசங்களுக்கு தெரியும். ஆனா ஒரு கருவிய எந்த எடத்துக்கும் எந்த கோணத்துலயும் கொண்டுபோகணும்னா ஆறு மூட்டு வேணும், ஃபேக்டரில வெல்டிங் பண்ற ரோபோ கைக்கு இருக்கற மாதிரி. அதாவது இது ஆறு ஃபேக்டரி ரோபோ கைய கீழ பாத்த மாதிரி ஒரு வட்டத்துல மாட்டி, நுனில சக்கரம் வெச்சது.

ஆறுங்கற நம்பரும் சும்மா வரல. மூணு கால் தரைல, மூணு கால் மேலன்னு மாத்தி மாத்தி வெச்சா எந்த நிமிஷம் நிறுத்தினாலும் விழாது, முக்காலி மாதிரி. நிலாவுக்கு சிக்னல் போய் வர ரெண்டரை செகண்டுக்கு மேல ஆகும், பாதி காலடில ஏதாச்சும் தப்புன்னு தெரிஞ்சா அப்படியே சிலையா நின்னுட்டு யோசிக்கணும், ரெண்டு கால் நாலு கால் பிராணி மாதிரி பேலன்ஸ்ல ஓடிட்டே இருந்தா அந்த சொகுசு கெடைக்காது. ஒரு கால் செத்துப்போனாலும் அஞ்சுல தாக்குப் பிடிக்கலாம்ங்கறது போனஸ்.

காலேஜ்ல நானும் ஒரு ஆறு கால் ரோபோ பண்ணேன், பதினெட்டு சர்வோ, அதாவது குட்டி மோட்டார், அட்டப்பெட்டி சைஸ். நடக்க வெக்கறதுதான் கஷ்டம்னு நெனச்சேன், கடைசில சும்மா நிக்கறதுதான் கஷ்டமா இருந்துச்சு. எக்சிபிஷனுக்கு மொத நாள் ராத்திரி டேபிள் மேல நிக்க வெச்சுட்டு டீ குடிக்க போனேன், திரும்பி வந்தா கருகின வாடை, ரெண்டு சர்வோ அவுட். கால் பாரத்த தாங்கிட்டே நிக்கும்போது மோட்டார் சுத்தலன்னாலும் கரண்ட் இழுத்துட்டேதான் இருக்கும், சூடேறும். அதனாலதான் பெரிய ரோபோல மூட்டுக்கு மூட்டு பிரேக் வெப்பாங்க, நின்னுட்டா பிரேக்க போட்டு கரண்ட ஆஃப் பண்ணிடலாம். நடக்கறத விட உருள்றதுக்கு பேட்டரி ரொம்பக் கம்மியா செலவாகறதும் இதே காரணம்தான், அதனால முடிஞ்ச வரைக்கும் உருளு, முடியலன்னா மட்டும் நட.

சரி, இதெல்லாம் டெக்னிக்கு. ஆனா அத்லீட்ட கட்ட வெச்ச உண்மையான தலைவலி வேற, இத யாரும் வீடியோல சொல்றதில்ல. நிலாவுல சரக்கு எறக்கறது. 2004ல புஷ் காலத்துல மறுபடி நிலாவுக்கு போறோம்னு ஆரம்பிச்ச திட்டம், கான்ஸ்டெலேஷன்னு பேரு, அதோட லேண்டர் ஆல்டேர். லேண்டர்ல இன்ஜினும் டேங்கும் கீழ இருக்கும், அப்ப சரக்கு எங்க இருக்கும்? மேல, மொட்டை மாடி மாதிரி ஒரு தளத்துல, ரெண்டு மாடி உயரத்துல. அங்க ஆளுங்க தங்கற பெரிய உருளைய வெச்சு அனுப்பிட்டா அத யார் எறக்குவா? கிரேன் வெக்கலாம், நாசாவோட லாங்லி சென்டர்ல அப்படி ஒரு கிரேனும் பண்ணி பாத்தாங்க. ஆனா கிரேன் எறக்கி கீழ வெச்சுட்டு கைய கழுவிடும், அங்கேருந்து வேணுங்கற எடத்துக்கு இழுத்துட்டு போக இன்னொரு வண்டி வேணும். அத்லீட் ஆளுங்க சொன்னது, ரோபோவே லேண்டர் மேல உக்காந்து வரட்டும், சரக்கு முதுகுலயே இருக்கட்டும், கால நீட்டி தரைல ஊனி தானே எறங்கி, அப்படியே உருட்டிட்டு போய் வேணுங்கற எடத்துல மண்டி போட்டு எறக்கி வெக்கட்டும். யானை மேல அம்பாரி மாதிரி. வீட்ட ஒரு எடத்துல கட்டறதுக்கு பதிலா வீட்டயே தூக்கிட்டு ஊர் ஊரா போலாம்னு வரைக்கும் கனவு கண்டாங்க.

2009ல வந்த ரெண்டாவது மாடல்ல ஒரு செம யோசனை பண்ணாங்க. ஆறு கால் ரோபோ சரக்குக்கு அடியிலயே மாட்டிட்டு இருந்தா எறக்கி வெச்சுட்டு அதால வெளிய வர முடியாது இல்லையா? அதனால ரோபோவ ரெண்டா பிச்சுட்டாங்க. மூணு மூணு கால் வெச்ச ரெண்டு ரோபோ, ட்ரை அத்லீட்னு பேரு. நடுவுல சரக்கு வெக்கற பலகை. ரெண்டு பேரும் ரெண்டு பக்கத்துலேருந்து வந்து பலகைல கோத்துக்குவாங்க, இப்ப அது ஆறு கால் வண்டி. தூக்கிட்டு போய் வெச்சுட்டு, கோத்தத கழட்டிட்டு ஆளுக்கு ஒரு பக்கமா கெளம்பிடுவாங்க. பல்லக்கு தூக்கற மாதிரின்னு வெச்சுக்கோங்க. மூணு காலும் சக்கரத்தோட இருக்கறதால தனியா இருக்கும்போதும் ஆட்டோ மாதிரி நிக்கும், ஓடும். என்னைக் கேட்டா மொத மாடல விட இதுதான் நெஜமான கண்டுபிடிப்பு, ஆனா டான்ஸ் ஆடற வீடியோ எல்லாம் மொத மாடலோடதுங்கறதால அதுதான் ஃபேமஸ்.

இந்த ரெண்டாவது மாடல் நிலாவுக்கு போட்ட பிளான்ல பாதி சைஸ். அதுவே நிமிந்து நின்னா நாலு மீட்டருக்கு மேல. முழு சைஸ்ல ஏன் கட்டலன்னா, நிலாவுல ஈர்ப்பு ஆறுல ஒரு பங்குதான், அதுக்கு ஏத்த மாதிரி மெல்லிசா கால் வெச்சு முழு சைஸ்ல கட்டினா அது பூமில தன் பாரத்தையே தாங்காது. பாதி சைஸ்ல பண்ணாதான் இங்க வெச்சு ஓட்டி பாக்க முடியும். நிலாவுல பாரம் கொறையும்ங்கறதுல ஒரு பொறியும் இருக்கு, எடை ஆறுல ஒண்ணா ஆகும், ஆனா நிறை அதேதான். பத்து டன் உருளைய தூக்கிட்டு போனா தூக்கறது லேசு, ஓடிட்டிருக்கறத நிறுத்தறது லேசு இல்ல, தரைல பிடிமானமும் ஆறுல ஒண்ணா கொறைஞ்சுடும். பிரேக் அடிச்சா வழுக்கும். அதனால அங்க எல்லாமே மாட்டு வண்டி வேகம்தான்.

டெஸ்டுக்கு எங்க போனாங்கன்னா, 2008 ஜூன்ல வாஷிங்டன் மாநிலத்துல மோசஸ் லேக்குனு மணல்மேடு நெறைஞ்ச எடம், அங்க நாசாவோட வேற வேற சென்டர் வண்டிங்களும் வந்துச்சு, அத்லீட் முதுகுல டம்மி வீட்ட ஏத்திகிட்டு மணல்ல திரிஞ்சுது. அப்புறம் அரிசோனால பிளாக் பாயிண்ட்னு எரிமலைக் குழம்பு ஓடி ஒறைஞ்சு போன கரடுமுரடு பூமி, 2009லயும் 2010லயும் அங்க. டெஸ்டுக்கு எடம் புடிக்கறதுல நம்ம ஆளுங்களும் சளைச்சவங்க இல்ல, சந்திரயானுக்கு நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி, குன்னமலை பாறைய அரைச்சுதான் இஸ்ரோ நிலா மண்ணு பண்ணுச்சு, அங்க இருக்கற அனார்த்தசைட் பாறை நிலாவோட மேட்டு நிலப் பாறைக்கு ரொம்ப பக்கத்துல வரும். மண்ண இப்படி செஞ்சுடலாம், ஈர்ப்பதான் செய்ய முடியாது.

இப்ப கெட்ட சேதி. கால் ரோபோக்கு நிலாவுல மொத எதிரி தூசி. அங்க காத்து தண்ணி ஒண்ணும் இல்லாததால மண்ணுத் துகள் தேய்ஞ்சு வழவழன்னு ஆகல, கண்ணாடித் தூள் மாதிரி கூரா இருக்கும், கூடவே எல்லாத்துலயும் ஒட்டிக்கும். 1972ல அப்போலோ 17ல போன விண்வெளி வீரர் செர்னன் தெரியாம சுத்தியல் பட்டு ரோவரோட மட்கார்ட உடைச்சுட்டாரு, சக்கரம் வாரி எறைக்கற தூசி ஆள் மேலயும் கருவி மேலயும் மழையா கொட்டுச்சு, கடைசில மேப் பேப்பருங்கள டேப் போட்டு ஒட்டி மட்கார்ட் செஞ்சு மாட்டினாங்க. ஒரே ஒரு மட்கார்டுக்கு இந்த பாடு. சோவியத்தோட லூனாகோட் 2, நிலாவுல 39 கிலோமீட்டர் ஓடின வண்டி, அதுக்கும் தூசிதான் எமன், பள்ளத்தோட சுவர்ல இடிச்சு மேல விழுந்த மண்ணு சூட்ட வெளியேத்தற பாகத்த மூடி வண்டி வெந்துபோச்சு. இப்ப 42 மோட்டார், 36 மூட்டு, ஒவ்வொண்ணுக்கும் தூசி புகாம சீல் போடணும்னா யோசிச்சு பாருங்க.

ரெண்டாவது எதிரி குளிர். நிலா ராத்திரி நம்ம கணக்குல ரெண்டு வாரம். தென் துருவத்துல வெயிலே படாத பள்ளங்கள்ல மைனஸ் 200க்கும் கீழ போகும், ஆனா ஐஸ் இருக்கறதும் அங்கதான், எல்லாருக்கும் போகணும்னு ஆசையும் அங்கதான். அந்த குளிர்ல கிரீஸ் கல்லா ஒறைஞ்சுடும், அதனால மூட்ட ஹீட்டர் போட்டு சூடாக்கிட்டுதான் அசைக்கணும். ஒரு கைக்கு ஹீட்டர் போடலாம், 36 மூட்டுக்கு போட்டா பேட்டரி அதுக்கே சரியாப்போகும். இதுல நல்ல சேதி என்னன்னா ஜேபிஎல்ல கோல்டார்ம்னு ஒரு ரோபோ கை பண்ணியிருக்காங்க, அதுல கியர் உலோகக் கண்ணாடில செஞ்சது. உலோகத்த உருக்கி அணுக்கள் வரிசையா அடுக்கறதுக்குள்ள சட்டுனு குளிரவெச்சா வர்ற பொருள் அது, ரொம்ப கெட்டி, கிரீஸே வேணாம். மைனஸ் 173 வரைக்கும் ஹீட்டர் இல்லாம ஓடும்னு டிசைன். நிலாவுல கால் வெச்ச வண்டி வரணும்னா வழி இந்த கியர்லதான் தொறக்கும்னு நான் நெனக்கறேன்.

சக்கரமே வேணாம், வெறும் கால்னு போனவங்க கதையும் இருக்கு. 1994ல அமெரிக்காவோட கார்னகி மெலன் யுனிவர்சிட்டி ஆளுங்க தாந்தே 2ன்னு எட்டு கால் ரோபோவ அலாஸ்கால ஸ்பர் எரிமலை வாய்க்குள்ள எறக்கினாங்க, மேலேருந்து கேபிள்ல தொங்கிட்டே போச்சு. எறங்கி நல்லாவே வேலை பாத்துச்சு, திரும்ப ஏறும்போது சரிவுல கால் வழுக்கி பக்கவாட்டுல சாஞ்சுடுச்சு. எட்டு கால் இருந்தும் தானா எந்திரிக்க முடியல, ஹெலிகாப்டர் வந்துதான் மீட்டாங்க. நிலாவுக்கு ஹெலிகாப்டரும் கெடையாது, அது பறக்க காத்தும் கெடையாது. அதுக்கும் முன்னாடி 1971ல சோவியத்தோட மார்ஸ் 3 லேண்டர்ல ஒரு குட்டி ரோபோ போச்சு, நாலரை கிலோ, பனிச்சறுக்கு கட்டை மாதிரி ரெண்டு பாதம், வயர் கட்டி நடக்க வேண்டியது. லேண்டர் எறங்கின கொஞ்ச நேரத்துலயே சிக்னல் போனதால அது பெட்டிய விட்டு வெளியவே வரல.

அத்லீட் என்ன ஆச்சுன்னா, ரோபோ சரியில்லன்னு நிறுத்தல, அதோட வேலைதான் போயிடுச்சு. 2010 பிப்ரவரில ஒபாமா பட்ஜெட்ல கான்ஸ்டெலேஷன கேன்சல் பண்ணணும்னு சொன்னாரு, அப்புறம் திட்டமும் நின்னுச்சு, ஆல்டேர் லேண்டரே இல்லன்னதும் அதுலேருந்து சரக்கு எறக்கற ரோபோவுக்கு என்ன வேலை? அப்புறம் மண்ண மைக்ரோவேவ்ல சுட்டு கெட்டியாக்கி நிலாவுல கட்டடம் பிரிண்ட் பண்ற கையா இத யூஸ் பண்ணலாம்னு ஜேபிஎல்லோட ஸ்காட் ஹோவும் வில்காக்ஸும் டிசைன் போட்டாங்க. அது பேப்பரத் தாண்டி நிலாவுக்குப் போகல.

ஆனா அந்த பிச்சு கோக்கற ஐடியா சாகல. எம்ஐடி ஸ்டூடண்ட்ஸ் 2022ல வார்ம்ஸ்னு ஒண்ணு பண்ணாங்க, ஒவ்வொரு காலும் தனி ரோபோ, புழு மாதிரி, தேவைக்கு ஏத்த மாதிரி உடம்புல சொருகி நாலு காலோ ஆறு காலோ ஆக்கிக்கலாம், ஒரு கால் கெட்டா கழட்டி வேற மாட்டலாம். ஜப்பான்ல தோஹோகு யுனிவர்சிட்டில கசுயா யோஷிடா டீம் மூன்பாட்னு அதே வழில போறாங்க, கால், சக்கரம், கை எல்லாம் தனித்தனி துண்டு, வேலைக்கு ஏத்த மாதிரி கோக்கறது. இதுவரைக்கும் நிலாவுல காலால நடந்த ரோபோன்னு ஒண்ணும் கெடையாது. 2024 ஜனவரில ஜப்பானோட ஸ்லிம் லேண்டர் கூட போன லெவ் 1ங்கற குட்டி ரோபோ குதிச்சு குதிச்சு போச்சு, அவ்வளவுதான்.

சரக்கு எறக்கற தலைவலி மட்டும் அப்படியே இருக்கு, சொல்லப்போனா ஏறியிருக்கு. இப்ப ஆர்ட்டெமிஸ்னு நாசாவோட புது நிலா திட்டத்துல ஆளுங்கள எறக்க ஸ்பேஸ்எக்ஸோட ஸ்டார்ஷிப்ப எடுத்திருக்காங்க, அதோட கதவு பல மாடி உயரத்துல. ஆளும் சரக்கும் கீழ வர லிஃப்ட் போடறாங்க. லிஃப்ட்ல ஆள் வரலாம், பெட்டி வரலாம், பத்து டன் வீடு வராது. அந்த வீட்ட எறக்க வேண்டிய நாள் வந்தா பாசடீனால யாராச்சும் பழைய ஃபைல தூசி தட்டி எடுப்பாங்கன்னு நெனக்கறேன்.